ஜப்பானிய மேப்பிள் இலை கருகினால்: ஜூலையில் செய்ய வேண்டியதும் நவம்பர் வரை பொறுக்க வேண்டியதும்

கேள்வி சுருக்கமாக: நியூ ஜெர்சி எடிசனில் புது வீடு, களிமண் நிலம். ஏப்ரலில் ‘கிரிம்சன் குயின்’ என்ற சிவப்பு ஜப்பானிய மேப்பிளை 5 காலன் தொட்டியோடு வாங்கி, வாசலில் மேற்கு பார்த்த செங்கல் சுவரோரம், கார் நிறுத்தும் தார்ப்பாதைக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறீர்கள். ஜூலையில் இலை நுனியெல்லாம் பழுப்பாகிச் சுருண்டுவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை. அடித்தண்டிலிருந்து பச்சை இலையோடு ஒரு கிளை மட்டும் வேகமாக வளர்கிறது. மரம் சாகிறதா, பிடுங்கி வேறு இடத்தில் வைக்கலாமா?

மரம் சாகவில்லை என்றே நினைக்கிறேன். உறுதி செய்துகொள்ள அரை நிமிடம் போதும். பென்சில் தடிமனுள்ள கிளை ஒன்றில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே ஈரப்பசையோடு பச்சை தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. உலர்ந்து பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே இறங்கிக் கீறுங்கள்; பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து மரம் பிழைத்திருக்கிறது. இடத்தை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இப்போது கூடாது. ஜூலையில் தோண்டினால் மிச்சமிருக்கும் நுனிவேரும் அறுந்து, இன்று இலையோடு நிற்கும் சேதம் கிளைக்கும் ஏறிவிடும்.

இந்த மரத்தின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஜப்பானிலும் கொரியாவிலும் மலைச்சரிவுக் காடுகளில், உயரமான மரங்களுக்கு அடியில் வளர்வது இது. ஏசர் பல்மேட்டம் என்ற தாவரவியல் பெயரை 1784-இல் வைத்தவர் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பர்க். பல்மேட்டம் என்றால் உள்ளங்கை போன்றது என்று பொருள். தலைக்கு மேல் அரைநிழல், காலடியில் சருகு மெத்தை, சரிவில் நிற்காமல் வடிந்துவிடும் மழைநீர்: இதற்குப் பழகிய மரம். ஆணிவேர் இறக்கி ஆழத்தில் தண்ணீர் தேடாது. மயிர்போன்ற வேர்களை மேல்மண்ணில், பெரும்பாலும் முதல் 30 முதல் 45 செ.மீ. வரைக்குள்ளேயே, பாய்போலப் பின்னி வைத்திருக்கும். அந்த மேல்மண் சுட்டால் மரம் காயும். அந்த மேல்மண்ணில் நீர் தேங்கினால் மரம் மூச்சுத் திணறும். ஜப்பானிய மேப்பிளில் வரும் கோளாறுகளில் பல இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

உங்கள் இலை கருகியதற்கு இரண்டுமே காரணமாக இருக்கலாம். கிரிம்சன் குயின் ‘டிசெக்டம்’ வகை. இலை நூல் நூலாகப் பிரிந்து மெல்லியதாக இருப்பதால், பிற்பகல் வெயிலும் காற்றும் உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் நீரை ஏற்றித்தர முடிவதில்லை. மேற்குச் சுவர் மாலை வரை வாங்கிய சூட்டை இரவிலும் வெளியே விடும். தார்ப்பாதை மறுபக்கம் அதையே செய்யும். ஏப்ரலில் நட்ட கன்றின் வேர் இன்னும் பழைய தொட்டி மண்ணைத் தாண்டிப் போயிருக்காது. எனவே நுனி கருகுவது எதிர்பார்க்கக் கூடியதுதான்.

ஆனால் வேர் அழுகினாலும் இலை இதேபோலத்தான் கருகும். வேரில்லாத மரத்துக்குத் தண்ணீர் நடுவில் நின்றாலும் தாகம்தான். அதனால் இலையைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சிறு கரண்டியால் 8 முதல் 10 செ.மீ. ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உதிர்ந்து கொட்டினால் தாகம். லேசாக ஒட்டிப் பிறகு உடைந்தால் சரியான ஈரம். களிமண் உருண்டையாகத் திரண்டு விரலில் பூசிக்கொண்டு, முகர்ந்தால் புளித்த வாடை அடித்தால் நீங்கள் ஊற்றியது அதிகம். மண் ஈரம் குறையும்வரை குழாயை மூடி வையுங்கள். கருகல் எந்தப் பக்கம் என்பதும் சொல்லும். மேற்குப் பக்கமும் வெளிப்புற இலைகளும் மட்டும் கருகியிருந்தால் வெயிலும் காற்றும். உள்ளே நிழலில் இருக்கும் இலைகளும் மஞ்சளாகி உதிர்ந்தால் வேரில் கோளாறு. தண்டில் பல்குச்சி நீளத்துக்கு மரத்தூள் இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அம்புரோசியா வண்டு துளைத்திருக்கிறது. நீர் தேங்கித் தவிக்கும் மரம் ஒருவகைச் சாராய வாடையை வெளியிடும். அந்த வாடையைப் பிடித்துத்தான் இந்த வண்டு வரும்.

கருகிய இலையைக் கிள்ள வேண்டாம். கருகாமல் மிச்சமுள்ள பகுதியில், சிவப்புக்குள் மறைந்திருக்கும் பச்சையம் இன்னும் மரத்துக்குச் சாப்பாடு செய்துகொண்டிருக்கிறது. பிற்பகல் 1 மணிக்கு மேல் வெயில் விழாதபடி நாலு கழி நட்டு நிழல்வலை அல்லது பழைய வேட்டியைக் கட்டிவிட்டால் ஆகஸ்டு கழியும். உரம் எதுவும் இப்போது கூடாது. வேர் தவிக்கும்போது தழைச்சத்து கொடுத்தால், தாங்க முடியாத இளந்துளிரை மரத்தின் தலையில் ஏற்றிவிடுவதாகும்.

அந்தப் பச்சைக் கிளைக்கு வருவோம். கடையில் பெயரோடு விற்கும் ஜப்பானிய மேப்பிள் ஏறக்குறைய எல்லாமே ஒட்டுக்கட்டியவை. விதையிலிருந்து வந்த சாதாரணப் பச்சை மேப்பிள் கன்றுதான் வேர்ச்செடி. அதன்மேல் கிரிம்சன் குயின் குச்சியை ஒட்டியிருப்பார்கள். ஒட்டு இடம் தண்டில் ஒரு புடைப்பாகவோ சற்றே கோணலாகவோ தெரியும். அதற்குக் கீழிருந்து, நூலாகப் பிரியாத ஐந்தேழு விரல் பச்சை இலையோடு வருவது வேர்ச்செடியின் போத்து. மேலே உள்ளதைவிட அது வேகமாக வளரும். விட்டுவைத்தால் சில வருடங்களில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மரத்தை அது அமுக்கிவிடும். இன்றே, புறப்படும் இடத்திலேயே, கூரான கத்தரியால் வெட்டிவிடுங்கள். கோடையில் வெட்டலாம், பாதகமில்லை.

இன்னொன்றும் இன்றே பாருங்கள், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: மரத்தின் தூர். தண்டு மண்ணைத் தொடுமிடத்தில் யானைக்கால் போலச் சற்று விரிந்து முதல் வேர்கள் பிரிய வேண்டும். தந்திக்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தால் ஆழமாக நட்டிருக்கிறது என்று பொருள். தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். நர்சரியில் தொட்டி மாற்றும்போதே தூரின்மேல் 5 செ.மீ. மண் ஏறியிருப்பது சாதாரணம். கையால் அல்லது மெல்லிய தூரிகையால் அந்த மண்ணை விலக்கி, தூர் விரிவு வெளியே தெரியும்படி செய்யுங்கள். வழியில் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் வேர் தென்பட்டால், தண்டை இறுக்குமுன் வெட்டி எடுத்துவிட வேண்டும்.

மாற்ற வேண்டிய இடத்தை இப்போதே முடிவு செய்து வையுங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம் சிறந்தது: காலை வெயில் 4, 5 மணி நேரம், பிற்பகலில் நிழல். முழு நிழலில் வைத்தால் மரம் பிழைக்கும், ஆனால் கிரிம்சன் குயினின் சிவப்பு மங்கி வெண்கலப் பச்சையாகிவிடும். அந்த நிறத்துக்கு வெளிச்சம் வேண்டும். வளர்ந்தால் உயரம் இரண்டரை, மூன்று மீட்டரும் அகலம் அதைவிடச் சற்று அதிகமும் வரும். மெல்ல வளர்கிற மரம்தான், ஆனாலும் சுவரிலிருந்து 2 மீட்டராவது விடுங்கள்.

இங்கே நம்மவர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. பின்கட்டில் கத்திரி, தக்காளி, வெண்டை, உருளைக்கிழங்கு போட்ட பாத்தி இருந்தால் அந்த மண்ணிலும், அதிலிருந்து நீர் வழிந்து வரும் இடத்திலும் இந்த மரத்தை நடாதீர்கள். வெர்ட்டிசிலியம் என்ற மண்வாழ் பூஞ்சை இந்தக் காய்கறிகளையும் தாக்கும், மேப்பிளையும் தாக்கும். கத்திரிச் செடி பாதி வாடிப் பாதி பச்சையாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அது இதே பூஞ்சையின் வேலை. செடியைப் பிடுங்கி எறிந்தாலும் பூஞ்சையின் உறங்கும் முடிச்சுகள் மண்ணில் பத்தாண்டுகூடக் காத்திருக்கும். மேப்பிளில் அது இப்படித் தெரியும்: மரம் முழுதும் நன்றாக இருக்க, ஒரே ஒரு கிளை கோடை நடுவில் திடீரென்று வாடி, இலை உதிராமல் அப்படியே காய்ந்து தொங்கும். அந்தக் கிளையைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே இருக்கும் மரப்பகுதியில் கரும்பச்சை அல்லது பழுப்புக் கோடுகள் ஓடியிருக்கும். இதற்கு மருந்து கிடையாது. காய்ந்த கிளையை அகற்றி, கத்தரியை ஆல்கஹாலில் துடைத்து, நீரைச் சீராகக் கொடுத்தால் சில மரங்கள் தாங்கி மீண்டுவிடும். மரம் போய்விட்டால் அதே குழியில் இன்னொரு மேப்பிள் கூடாது. புல் மட்டுமே வளர்ந்த இடத்துக்கு இந்த ஆபத்து குறைவு.

இனி நவம்பர் வேலை. இலை நிறம் மாறி உதிர்ந்ததும், தரை உறைவதற்கு நாலைந்து வாரம் முன்பாகவே மாற்றிவிடுங்கள். தவறினால் மார்ச் நடுவில், மொட்டு பருக்கத் தொடங்குமுன் செய்யலாம்.

புதுக்குழியை முதலில் தோண்டுங்கள். 30 செ.மீ. ஆழக் குழியில் நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 2 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அது நீர் தேங்கும் களிமண். அங்கே மரத்தை மேட்டில் ஏற்றித்தான் நட வேண்டும். குழியின் அகலம் தாய்மண்ணைப்போல (வேரோடு சேர்ந்து வரும் மண்கட்டி) மூன்று மடங்கு, ஆழம் தாய்மண்ணைவிடச் சற்றுக் குறைவு. அடிமண்ணைக் கொத்திவிடக் கூடாது. கொத்தினால் பிறகு மரம் உட்கார்ந்து தூர் புதைந்துவிடும்.

பிறகு பழைய இடத்தில், 5 காலன் தொட்டியின் அகலத்தைவிட ஒரு சாண் பெரிய வட்டமாக, ஏறக்குறைய 50 செ.மீ. விட்டத்தில், 30 செ.மீ. ஆழத்துக்கு மண்வெட்டியை நேராக இறக்குங்கள். அடியில் வெட்டி, தாய்மண்ணுக்குக் கீழே தார்ப்பாயைச் செருகி, அதைப் பிடித்து இழுத்துப் போங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் தாய்மண் உடைந்து வேர் அறும். வெளிப்பக்கத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் தொட்டி வேர்களை விரலால் பிரித்து விரித்துவிடுங்கள். பிரியாதவற்றை நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறிவிடலாம்.

களிமண்ணில் தூர் தரைமட்டத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே நிற்க வேண்டும். வடிகால் மோசமென்றால் தாய்மண்ணின் மூன்றிலொரு பங்குகூடத் தரைக்கு மேலே நிற்கலாம். சுற்றிலும் மண்ணைச் சரிவாக அணைத்துவிடலாம். தோண்டிய அதே மண்ணையே திருப்பிப் போடுங்கள். நல்லெண்ணத்தோடு பலர் செய்யும் பிழை, குழிக்குள் மட்டும் கம்போஸ்டும் மணலும் கலந்து மெத்தை போடுவது. சுற்றிலும் இறுகிய களிமண், நடுவில் பொலபொலப்பான மண் என்றால் மழைநீர் முழுதும் அதற்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் நிற்கும். குளியல் தொட்டியில் மரம் நட்டதுபோல. கம்போஸ்டை மேலே தூவுங்கள், மண்புழு இறக்கிக்கொள்ளும். காலால் மிதிக்காமல் நீர் ஊற்றி மண்ணைப் படிய வையுங்கள்.

மூடாக்கு அவசியம். மரப்பட்டைத் தூளை ஒரு மீட்டர் விட்டத்துக்கு 5 முதல் 7 செ.மீ. கனத்தில் பரப்பி, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக விடுங்கள். உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பார்ப்பீர்கள், தண்டைச் சுற்றிக் கோபுரமாக மூடாக்கைக் குவித்திருப்பார்கள். பட்டை எப்போதும் ஈரத்தில் ஊறி அழுகும், குளிர்காலத்தில் எலி அதற்குள் பதுங்கிப் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். பட்டை முழுவட்டமாகப் போன மரம் பிழைக்காது.

தண்ணீர்க் கணக்கு: இந்த அளவுக் கன்றுக்கு ஒரு தடவைக்கு 8 முதல் 10 லிட்டர், மெதுவாக. நட்டதிலிருந்து தரை உறையும்வரை மழை இல்லாத வாரத்தில் ஒரு முறை. அடுத்த கோடையில் வெயில் கடுமையான வாரங்களில் இரண்டு, மூன்று முறை; ஒவ்வொரு தடவையும் மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகு. புல்வெளித் தெளிப்பான் தினமும் தூவும் சாரல் மேல்தோலை நனைத்து ஏமாற்றும், அதை நம்ப வேண்டாம். இரண்டு கோடை தாண்டினால் வறட்சிக் காலத்தில் மட்டும் கவனித்தால் போதும்.

எடிசன் குளிரைத் தரையில் நட்ட மரம் பொருட்படுத்தாது. தொட்டியில் வளர்ப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்: கிளை மைனஸ் 25 டிகிரி தாங்கினாலும், வேர் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே செத்துப்போகும். தரையில் பூமிச்சூடு காக்கும். தொட்டியில் நாலு பக்கமும் குளிர்காற்று. இலை உதிர்ந்ததும் சூடாக்காத கராஜுக்குள் வைத்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை சிறிது நீர் கொடுங்கள். வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் உறக்கம் கலைந்து மரம் நலியும். வருடந்தோறும் பல வாரக் குளிர் உறக்கம் இதற்கு உணவுபோல அவசியம். சென்னையிலோ மதுரையிலோ உள்ள உறவினர் கேட்டால் தயங்காமல் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அங்கே மார்கழி இரவும் இதற்கு வசந்தம்தான். இணையத்தில் நீலநிற இலைப் படத்தோடு விற்கும் மேப்பிள் விதைகளையும் வாங்க வேண்டாம், நீல இலை ஜப்பானிய மேப்பிள் என்று ஒன்று கிடையாது.

பாதையில் பனி உருக உப்புப் போடுவீர்கள் என்றால் அந்த நீர் மரத்தடிக்கு ஓடாமல் பாருங்கள். ஈரப்பனி கிளையில் குவிந்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிடலாம்; உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் தொடவே வேண்டாம், கிளை முறியும்.

ஏப்ரலில் இளந்துளிர் வந்தபின் உறைபனி எச்சரிக்கை வந்தால், அன்று மாலையே பழைய படுக்கை விரிப்பைத் தரைவரை தொங்கும்படி மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உதவாது, இலையைத் தொடுமிடத்தில் கருகும். துளிர் கருகிப்போனாலும் கலங்க வேண்டாம், சில வாரத்தில் அடுத்த துளிர் வரும். இடம் மாறிய முதல் வசந்தத்தில் இலை சிறுத்து வருவதும் இயல்பே. மரம் வேருக்குச் செலவழிக்கிறது. அந்த வருடமும் உரம் வேண்டாம். பிறகு தேவையென்றால் வசந்தத் தொடக்கத்தில் மெல்லக் கரையும் உரம், உறையில் சொன்ன அளவில் பாதி. மண்ணின் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக மண் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். புல்லுக்குச் சுண்ணாம்பு போடும்போதும், களைக்கொல்லி கலந்த புல் உரம் போடும்போதும் மரத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். அத்தகைய புல் உரங்கள் சிலவற்றில் இருக்கும் டைகாம்பா என்ற களைக்கொல்லி மேப்பிள் வேர் வழியாக ஏறி இலையைக் கோணலாக்கிவிடும்.

கவாத்து முதல் இரண்டு வருடம் தேவையில்லை, காய்ந்த குச்சியை ஒடிப்பதைத் தவிர. அதன்பிறகு இலையில்லாத டிசம்பர், ஜனவரியில் அல்லது ஜூலைக் கடைசியில் செய்யலாம். மார்ச்சில் வெட்டினால் வெட்டிய வாயிலிருந்து சாறு சொட்டிக்கொண்டே இருக்கும். டிசெக்டம் மரத்தை வெளியிலிருந்து குடை மாதிரி கத்தரிக்கிறார்கள். அது மரத்தின் அழகையே மறைத்துவிடும். மண்டியிட்டு, கிளைத் திரையை ஒதுக்கி, உள்ளே பாருங்கள். வெயில் படாமல் செத்த சாம்பல்நிறக் குச்சிகள் கொத்துக்கொத்தாக இருக்கும். அவற்றைக் கையால் ஒடித்தாலே உதிரும். அடுத்து, ஒன்றையொன்று உரசும் இரண்டில் மெலிந்ததை எடுங்கள். ஒரு வருடத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் வேண்டாம். மேப்பிளில் மொட்டு எதிரெதிராக இணையாக இருக்கும். இணைக்குச் சற்று மேலே, 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள். பெரிய கிளையென்றால் தாய்க்கிளையோடு சேருமிடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அது மரத்திலேயே இருக்கும்படி அதன் விளிம்பில் வெட்டினால் காயம் தானாக மூடிக்கொள்ளும். மேலே எந்தச் சாயமும் பூச வேண்டாம்.